சுத்திகரிப்பு ஆலையை மூடப் போனால் அரசு பணம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டுமா?

நெய்தல்:

எரிசக்திப் பாதுகாப்பு என்று எந்த நாட்டு அரசு பேசினாலும் பேச்சு கச்சா எண்ணெயோடு நின்றுவிடுகிறது. யாரிடம் வாங்குகிறோம், எந்த ஜலசந்தி வழியாக வருகிறது, எத்தனை நாளைக்குக் கையிருப்பு என்பதைத் தாண்டுவதில்லை. ஆனால் கச்சாவை யாரும் வண்டியில் ஊற்றி ஓட்டுவதில்லை. லாரிக்கு டீசல் வேண்டும், விமானத்துக்கு அதற்கான எரிபொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலைகளைப் பற்றி, மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம்.

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலை 1924-ல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டு இறக்குமதி முனையமாகிவிட்டது. அடுத்த இரண்டே மாதத்தில் இங்கிலாந்தின் லிண்ட்சி ஆலையை நடத்திய கம்பெனி திவாலானது. ஆஸ்திரேலியாவில் 2021-ல் க்வினானா, ஆல்டோனா இரண்டும் மூடின. அவ்வளவு பெரிய கண்டத்துக்கு மிஞ்சியவை ஜீலாங், லிட்டன் என இரண்டு ஆலைகள்.

ஆஸ்திரேலிய அரசு அந்த இரண்டையும் மூடாமல் தக்கவைக்க 2021-ல் தனிச் சட்டமே போட்டது. பிரிட்டன் அரசு கிரேஞ்ச்மவுத்தில் ஆலையை ஓட வைக்கப் பணம் கொடுக்கவில்லை. எது சரி?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டும். ஆனால் "ஆலையைக் காப்பாற்றுகிறோம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. எந்தப் பொருளுக்கு, எத்தனை வருஷத்துக்கு, என்ன நிபந்தனைக்கு என்று எழுதிவைத்துக் கொடுக்க வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எனக்கு மாற்றுக் கருத்துதான், நெய்தல். ஒரு காசு கூடக் கொடுக்கக் கூடாது என்பேன்.

மூடிய ஆலைகளைப் பாருங்கள். பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் பீப்பாய் அளவில், பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டியவை. அவற்றோடு போட்டி போடுவது குவைத்தின் அல்-சூர், ஆறு லட்சம் பீப்பாய்க்கு மேல். நைஜீரியாவில் டாங்கோட்டே, 6,50,000 பீப்பாய். குஜராத்தில் ஜாம்நகர் இரண்டு ஆலைகளும் சேர்ந்தால் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கு ஒரு பீப்பாயைச் சுத்திகரிக்க ஆகும் செலவு பழைய ஆலைகளுக்கு எட்டவே எட்டாது. மார்ஜின் (கச்சா விலைக்கும் அதிலிருந்து வரும் எரிபொருள் விலைக்கும் உள்ள இடைவெளி) நன்றாக இருக்கும் வருஷத்தில் எல்லோரும் பிழைப்பார்கள். மார்ஜின் விழுந்தால் முதலில் சாகிறவை சின்ன ஆலைகள்தான். அரசு எவ்வளவு கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது விஷயம். சொந்தக் கச்சா இல்லாத நாட்டில் ஆலை இருந்து என்ன பாதுகாப்பு? டீசலை இறக்குமதி செய்வதற்குப் பதில் கச்சாவை இறக்குமதி செய்கிறீர்கள். கப்பல் வராவிட்டால் இரண்டும்தான் நிற்கும். அந்தப் பணத்தில் டேங்க் கட்டி டீசலை நிரப்பி வைத்தால் நேரடியான பாதுகாப்பு கிடைக்குமே.

மூன்றாவது, அரசியல். ஆலை கட்டுவது கண்ணுக்குத் தெரிகிற சாதனை. அதனால்தான் மெக்சிகோ டோஸ் போகாஸில் இறங்கியது. 800 கோடி டாலர் என்று ஆரம்பித்தார்கள், இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. 2022 ஜூலையில் திறப்பு விழா நடந்தது. அதன் பிறகும் வருஷக்கணக்கில் முழு உற்பத்தியை எட்டவில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை மாதக் கையிருப்பு வாங்கியிருக்கலாம்?

பழைய ஷிஃப்ட்:

கணக்குப்பிள்ளை சாரின் கணக்கில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நம் இரண்டு தரப்பிலுமே "ஆலை" என்ற சொல்லை ஒரே அளவுக் குவளை மாதிரி பயன்படுத்துகிறோம். இத்தனை லட்சம் பீப்பாய் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லாம் சொன்னதாக ஆகாது. நான் கச்சாவைக் காய்ச்சிப் பிரிக்கும் வடிகோபுரப் பிரிவில் ஷிஃப்ட் பார்த்தவன். உள்ளே என்ன நடக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு ஆலையைக் கட்டும்போதே அது எந்த வகைக் கச்சாவைத் தின்னும் என்று தீர்மானித்துவிடுவார்கள். அடர்த்தியான, கந்தகம் கூடிய கச்சாவுக்குக் கட்டிய ஆலையில், சப்ளை நின்றுவிட்டது என்று இலேசான கச்சாவை ஏற்றினால் என்ன ஆகும்? கோபுரத்தின் தலையில் நாஃப்தா (பெட்ரோலாக மாறும் இலேசான பகுதி) ஆவி தாங்க முடியாத அளவுக்கு வரும். அதைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர்களால் ஈடுகொடுக்க முடியாது, அழுத்தம் ஏறும். அடியில் நேர் எதிர்: அடிக்கசடை உடைத்து எரிபொருளாக்கும் கோக்கருக்குப் போக வேண்டிய கசடு போதாது. கோடிகள் போட்டுக் கட்டிய கோக்கர் பாதி வயிற்றோடு ஓடும். சமாளிக்க ஒரே வழி, ஏற்றும் அளவைக் குறைப்பது. காகிதத்தில் ஆலையின் திறன் அப்படியே இருக்கும். வாசலைத் தாண்டிப் போகும் டீசல் குறைந்திருக்கும்.

இரண்டு கச்சாவையும் கலந்து ஓட்டலாமே என்பார்கள். அதிலும் வம்பு உண்டு. சில இலேசான கச்சாவை சில அடர்ந்த கச்சாவோடு கலந்தால் அஸ்ஃபால்டீன் பிரிந்து விழும். கறுப்பாக, ஒட்டும் படிவு. உலைக்குள் போவதற்கு முன் கச்சாவைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றிகளின் குழாய்களில் அது படியும். உலை வாசலில் வெப்பநிலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். உலையை எவ்வளவு எரித்தாலும் ஒரு எல்லைக்கு மேல் ஈடுசெய்ய முடியாது. மறுபடியும் ஏற்றும் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்குள், கச்சாவிலுள்ள உப்பை நீரால் கழுவி எடுக்கும் டிசால்டரில் எண்ணெயும் நீரும் பிரியாமல் குழம்பி, கழிவுநீர் கறுப்பாக வர ஆரம்பித்திருக்கும்.

ஆகவே ஓர் அரசு கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பீப்பாய்" இல்லை. "எத்தனை வகைக் கச்சாவை இந்த ஆலை முழு அளவில் ஓட்டும்" என்பதுதான். ஒரே கச்சாவை நம்பிக் கட்டிய ஆலை, ஒரே நாட்டிடம் டீசல் வாங்குவதை விடப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. பல கச்சா ஓட்டும் ஆலை வேறு கதை. அந்த வளைந்துகொடுக்கும் தன்மைக்கு டிசால்டர், உலோகத் தரம், கந்தகம் நீக்கும் யூனிட், ஹைட்ரஜன் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் ஆகும். லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் முதலாளி தேவைக்கு மேல் அதைப் போட மாட்டார். அரசு பணம் கொடுப்பதாக இருந்தால் அங்கே கொடுக்கட்டும்.

நெய்தல்:

> ஒரே கச்சாவை நம்பிக் கட்டிய ஆலை

ஜெர்மனியின் ஷ்வெட் ஆலை நினைவுக்கு வருகிறது, சார். துருஷ்பா குழாயில் வரும் ரஷ்யக் கச்சாவுக்காகவே கட்டிய ஆலை. பெர்லின் வட்டாரத்து எரிபொருளில் பெரும்பகுதி அங்கிருந்துதான். பாதிக்கு மேல் பங்கு ரஷ்ய அரசு எண்ணெய்க் கம்பெனி ரோஸ்நெஃப்ட் கையில் இருந்தது. 2022 செப்டம்பரில் ஜெர்மன் அரசு அந்தப் பங்குகளின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் நிர்வாகத்தை எடுத்தால் எண்ணெய் வந்துவிடுமா? ரோஸ்டாக் துறைமுகத்திலிருந்து வரும் குழாய் ஆலையின் தேவையில் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுக்க முடியும். போலந்தின் கிடான்ஸ்க் வழியாகவும், கஜகஸ்தானிடமிருந்தும் வாங்கித்தான் மீதியைச் சமாளித்தார்கள். வேறு கச்சா வந்துசேர வழி வைத்திருக்க வேண்டும் என்பதை 2022-க்கு முன்பே யாராவது அதிகாரப்பூர்வமாகக் கேட்டிருக்க வேண்டும்.

கப்பல்காரன்:

கணக்குப்பிள்ளை அண்ணே, "கப்பல் வராவிட்டால் இரண்டும்தான் நிற்கும்" என்றீர்கள். அங்கேதான் நான் முரண்படுகிறேன். கச்சா கப்பலும் டீசல் கப்பலும் ஒன்றில்லை.

கச்சா விற்கிறவர்கள் பலர். வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா, அமெரிக்கா, பிரேசில், கயானா, நார்வே. ஒருவர் இல்லாவிட்டால் விலை கூடக் கொடுத்து இன்னொருவரிடம் போகலாம். பெரிய டேங்கர் ஒன்றில் இருபது லட்சம் பீப்பாய் வந்துவிடும். டீசல், பெட்ரோல் அப்படி இல்லை. பெரும்பாலும் நாற்பது ஐம்பதாயிரம் டன் கப்பல்களில் வருகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் கந்தக அளவு வேறு, குளிர்காலத் தரம் வேறு. உங்கள் தரத்துக்கு ஏற்ற சரக்கை உபரியாக வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

முக்கியமான விஷயம் இதுதான். நெருக்கடி வந்தால் அந்தச் சிலரும் கதவைச் சாத்துவார்கள். 2022 ஜூலை 1 அன்று இந்தியா டீசல் ஏற்றுமதிக்கு லிட்டருக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 6 ரூபாய் வரி போட்டது. பிறகு அடிக்கடி மாற்றி, 2024 டிசம்பரில்தான் எடுத்தார்கள். ரஷ்யா 2023 செப்டம்பரில் பெட்ரோல், டீசல் ஏற்றுமதியையே நிறுத்தியது. சீனா எரிபொருள் ஏற்றுமதியை ஒதுக்கீட்டில் வைத்திருக்கிறது. எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று பெய்ஜிங்கில் முடிவு செய்கிறார்கள், சந்தை முடிவு செய்வதில்லை. இவர்களைக் குறை சொல்லவில்லை. தன் ஜனங்களுக்கு முதலில் என்று எந்த அரசும் நினைக்கும். வாங்குகிற நாடு இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

தூரமும் இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் இந்தியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போகும் டீசல் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல். அதற்கு முந்தைய பிப்ரவரியில்தான் ஐரோப்பா ரஷ்ய டீசலை நிறுத்தியிருந்தது. பக்கத்து வீட்டுச் சரக்கை விட்டுவிட்டு நீண்ட பாதையை நம்பிய முதல் வருஷமே அந்தப் பாதை அடைபட்டது.

கணக்குப்பிள்ளை:

கப்பல்காரன் தம்பி சொன்ன ஏற்றுமதித் தடை நியாயமான வாதம். விற்பவர் எண்ணிக்கையில் கச்சாவுக்கும் டீசலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆலை இருந்தும் தப்பிக்காத நாடுகளையும் பார்க்க வேண்டும் இல்லையா?

இலங்கை. சபுகஸ்கந்தை ஆலை 1969-லிருந்து இருக்கிறது. 2021 நவம்பரில் கச்சா வாங்க டாலர் இல்லாமல் அதை நிறுத்தினார்கள். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்தது. மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள், வரிசையிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. ஆலை அவர்களைக் காப்பாற்றவில்லை. அன்னியச் செலாவணி இல்லாத இடத்தில் கச்சாவும் வராது, டீசலும் வராது.

நைஜீரியா இன்னும் வேதனை. சொந்தக் கச்சா ஏராளம். அரசு ஆலைகளின் மொத்தத் திறன் 4,45,000 பீப்பாய். ஆனால் வருஷக்கணக்கில் பெட்ரோலைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கினார்கள். பராமரிப்பு இல்லை, உள்ளூர் விலை செலவுக்குக் கீழே. 2024-ல் டாங்கோட்டே ஆலை ஓட ஆரம்பித்தபோதும் உள்ளூர்க் கச்சா போதுமான அளவு கிடைக்காமல் அமெரிக்காவிலிருந்து கச்சா வாங்கினார்கள். கச்சா விற்பவர்களுக்கு ஏற்றுமதியில் டாலர் கிடைக்கிறது, அப்புறம் உள்ளூரில் யார் விற்பார்கள்?

திறன் என்ற எண்ணுக்கு அரசு பணம் கொடுத்தால் கிடைப்பது இதுதான்.

புதுவரவு:

இந்தத் துறை எனக்குப் புதிது. ஒரு சின்னச் சந்தேகம். சர்வதேச எரிசக்தி முகமை உறுப்பு நாடுகள் 90 நாள் இறக்குமதி அளவுக்குக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று படித்தேன். அது இருந்தால் ஆலை மூடினால் என்ன? அந்தக் கையிருப்பு கச்சாவா, டீசலா?

பழைய ஷிஃப்ட்:

நல்ல கேள்வி தம்பி. அந்த 90 நாள் விதி 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1974-ல் முகமை உருவானபோது பிறந்த சிந்தனை. அன்றைய பயம் கச்சா நின்றுவிடும் என்பது. கச்சாவாகவும் வைக்கலாம், எரிபொருளாகவும் வைக்கலாம். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம். ஐரோப்பிய ஒன்றியம் மூன்றில் ஒரு பங்காவது எரிபொருளாக இருக்கட்டும் என்று 2009 விதியில் எழுதியது. அமெரிக்காவின் பெரிய இருப்பு டெக்சாஸ், லூசியானா உப்புக் குகைகளில் இருக்கிறது. எழுபது கோடி பீப்பாய்க்கு மேல் கொள்ளும். முழுக்கக் கச்சா.

அதன் பலவீனம் 2005-ல் தெரிந்தது. கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாக் கரையின் ஆலைகளை முடக்கியது. குகை நிறையக் கச்சா இருக்கிறது, சுத்திகரிக்க ஆலை இல்லை. முகமை நாடுகள் சேர்ந்து ஆறு கோடி பீப்பாயை வெளியே விட முடிவு செய்தபோது, ஐரோப்பா தன்னிடமிருந்த எரிபொருள் இருப்பைத் தளர்த்தி பெட்ரோலை அட்லாண்டிக் தாண்டி அனுப்பியது. அன்றைக்குக் கைகொடுத்தது வேறொரு கண்டத்தின் பெட்ரோல் டேங்க்.

அப்படியானால் எல்லாவற்றையும் டீசலாக, பெட்ரோலாக வைத்துவிடலாமே என்றால், அது அவ்வளவு சுலபம் இல்லை. கச்சா குகையில் வருஷக்கணக்காகக் கிடக்கும். பெட்ரோல் கெடும், ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின் கட்டும். கோடைக்கும் குளிருக்கும் ஆவியாகும் தன்மை வேறு என்பதால் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டும். டீசலில் தாவர எண்ணெய் டீசல் கலந்திருந்தால் அடியில் நீர் சேர்ந்து நுண்ணுயிர் வளரும். ஆகவே எரிபொருள் இருப்பைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்ற விற்பனை வேண்டும், விற்பனை எண்ணெய்க் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது.

இன்னொன்று, "இத்தனை நாள் இருப்பு" என்று அமைச்சர் சொல்லும் எண்ணைப் பற்றி. மிதக்கும் கூரை டேங்கை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரை எண்ணெயின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அடியில் கால்கள் உண்டு. மட்டம் இறங்கிக் கால்கள் தரையைத் தொட்டால் கூரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே காற்று புகுந்து ஆவி சேரும். அது தீப்பிடிக்கும் ஆபத்து. அதனால் மீட்டர் கணக்கில் எண்ணெய் எப்போதும் உள்ளே இருந்தாக வேண்டும். உறிஞ்சும் குழாய்க்குக் கீழே கிடப்பதையும் எடுக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் அதுவும் இருப்புதான். குழாய்களை நிரப்பி நிற்கும் எண்ணெயும் இருப்புதான். இதையெல்லாம் கழித்துவிட்டு எத்தனை நாள் என்று எந்த அரசாவது வெளிப்படையாகச் சொன்னால் நான் மனதாரப் பாராட்டுவேன்.

மின்மினி:

எல்லோரும் இன்றைய தேவையை வைத்தே பேசுகிறீர்கள். நான் எதிர்க்கோணத்திலிருந்து வருகிறேன். மின்வண்டிகள் வர வர பெட்ரோல் தேவை குறையும். இப்போது பொதுப் பணத்தைப் பழைய ஆலையில் போட்டால், பத்து வருஷத்தில் அது பயனற்ற இரும்பு. அந்தப் பணத்தில் மின்கட்டமைப்பைப் பலப்படுத்தினால் எண்ணெய்த் தேவையே குறையும். இறக்குமதி செய்யாத பீப்பாயை விடப் பாதுகாப்பான பீப்பாய் எது?

ஆனால் எங்கள் தரப்பில் பலர் கவனிக்காத ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். தேவை எல்லாப் பொருளிலும் ஒரே வேகத்தில் குறையாது. முதலில் விழுவது பெட்ரோல். லாரி, கப்பல், விமானம், டிராக்டர் மெதுவாகத்தான் மாறும். ஆலையோ ஒரு பீப்பாயிலிருந்து டீசலை மட்டும் தனியாக எடுத்துத் தர முடியாது, பெட்ரோலும் கூடவே வரும். விற்காத பெட்ரோலை வைத்துக்கொண்டு ஆலை நஷ்டப்பட்டால் மூடுவார்கள். டீசலும் சேர்ந்தே போய்விடும். ஐரோப்பாவில் இது ஏற்கெனவே நடந்த கதை. டீசல் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்து ஜனங்களை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஆலைகள் பெட்ரோலை அமெரிக்காவுக்கு விற்றுக்கொண்டு, டீசலை ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டு ஓடின. 2022-ல் அந்தக் கணக்கு உடைந்தபோது டீசல் மார்ஜின் எவ்வளவு உயரத்துக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜப்பான் செய்தது எனக்குப் பிடித்த முன்மாதிரி. தேவை குறைகிறது என்று தெரிந்து, 2009-ல் சட்டம் போட்டு, வடிகோபுரத் திறனோடு ஒப்பிடும்போது கசடை உடைக்கும் யூனிட்களின் விகிதத்தை உயர்த்தச் சொன்னார்கள். ஒன்று புது யூனிட் கட்டு, இல்லாவிட்டால் வடிகோபுரத்தை மூடு. பல கம்பெனிகள் மூடவே செய்தன. மொத்தத் திறன் நன்றாகக் குறைந்தது, மிஞ்சிய ஆலைகள் முன்பை விடத் திறமையானவை. குறைப்பதையும் ஒழுங்காகக் குறைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கப்பல்காரன்:

> குறைப்பதையும் ஒழுங்காகக் குறைக்க முடியும்

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், மின்மினி. ஒழுங்கில்லாமல் குறைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு கலிஃபோர்னியாவைப் பார்க்கலாம். அங்கே பெட்ரோலுக்குத் தனித் தரம், வேறு மாநிலத்திலிருந்து சப்ளைக் குழாயும் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு தீவு. விலை ஏறியதும் ஆலைகளின் லாபத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்துக்கு 2023-ல் சட்டம் போட்டார்கள். 2024 அக்டோபரில் ஒரு கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் ஆலையை மூடப் போவதாகச் சொன்னது. சில மாதங்களில் இன்னொரு கம்பெனி பெனிசியா ஆலையைப் பற்றி அதையே சொன்னது. 2025 ஆகஸ்டில் அந்த உச்சவரம்பை ஐந்து வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். சட்டத்தால் மட்டும்தான் மூடினார்கள் என்று சொல்ல மாட்டேன், நிலத்தின் மதிப்பு, வயது, தேவை எல்லாம் உண்டு. ஆனால் ஆலை போனால் மாற்றுச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்பதை முடிவு செய்துவிட்டு அல்லவா அந்தச் சண்டையை ஆரம்பித்திருக்க வேண்டும்?

புதுவரவு:

அப்படியானால் அரசே ஆலைகளை நடத்தினால் என்ன?

கணக்குப்பிள்ளை:

நைஜீரியாவில் அரசுதான் நடத்தியது, தம்பி. இந்தியாவிலும் பெரும்பகுதித் திறன் அரசு நிறுவனங்களிடம்தான், அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆகவே உடைமை யாருடையது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. விற்கும் விலையில் செலவு திரும்பி வருகிறதா, பராமரிப்புப் பணத்தில் யாரும் கைவைக்காமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். அது இரண்டும் இல்லாவிட்டால் யார் நடத்தினாலும் விழும்.

பழைய ஷிஃப்ட்:

பராமரிப்பு என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 2019 ஜூன் 21 அன்று வெடித்த ஆலை, நாளொன்றுக்கு 3,35,000 பீப்பாய், அமெரிக்கக் கிழக்குக் கரையிலேயே பெரியது. பெட்ரோலில் கலக்கும் உயர்தரப் பொருளை அமிலத்தின் உதவியால் தயாரிக்கும் ஆல்கிலேஷன் யூனிட்டில் ஒரு வளைவுக் குழாய் உடைந்ததுதான் காரணம். 1973 வாக்கில் போட்ட துண்டு. அதன் எஃகில் நிக்கலும் தாமிரமும் அதிகம், அதனால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் மற்றக் குழாய்களை விட வேகமாக அரித்தது. பக்கத்துக் குழாய்களில் தடிமனை அளந்துகொண்டிருந்தார்கள், இந்தத் துண்டை அளக்கவில்லை. உடைந்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு கிரெடிட் கார்டின் தடிமனில் பாதி கூட இல்லை. கம்பெனி திவால், ஆலை நிரந்தரமாக மூடல்.

ஒரு வட்டாரத்தின் எரிசக்திப் பாதுகாப்பு அந்த ஒரு துண்டுக் குழாயில் இருந்திருக்கிறது. ஆலைக்குப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் அரிமானச் சோதனையின் முடிவை அரசு கேட்டு வாங்க வேண்டும். "மூடிவிடுவோம்" என்று முதலாளி யோசிக்கும் ஆலையில் முதலில் வெட்டு விழுவது ஷட்டவுன் வேலைகளில்தான், அதாவது ஆலையை நிறுத்திவிட்டுச் செய்யும் பராமரிப்பில். இதை அனுபவத்தில் சொல்கிறேன்: அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்த வேலைகளின் பட்டியல் நீளும்போதே அந்த ஆலையின் எதிர்காலம் தெரிந்துவிடும்.

நெய்தல்:

இவ்வளவு ஆழமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் கூர்மையாக்கிச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் வடிவம். மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. 2021-ல் வகுத்த விதிப்படி, ஆலையின் மார்ஜின் பீப்பாய்க்கு 10.20 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இருந்தால் அரசு எதுவும் தராது. அதற்குக் கீழே இறங்க இறங்கத் தொகை கூடும். 7.30-ஐத் தொட்டால் லிட்டருக்கு 1.8 சென்ட், அதற்கு மேல் இல்லை. 2022-ல் மார்ஜின் உச்சத்துக்குப் போனபோது அரசுக்குச் செலவே இல்லை. பதிலுக்கு 2027 நடு வரை ஓட்டுவோம் என்று ஆலைகள் உறுதி கொடுத்தன. கூடவே 2023 ஜூலையிலிருந்து பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மூன்றுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச இருப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆலையா, இருப்பா என்று நாம் அடித்துக்கொண்டோம். அவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள்.

நான் அதில் கூட்ட நினைப்பவை உங்கள் பதிவுகளிலிருந்தே. பணம் வாங்கும் ஆலை, வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்த சில கச்சா வகைகளையாவது வருஷத்துக்கு ஒருமுறை உண்மையாக ஓட்டிக் காட்டட்டும். காகித அறிக்கை போதாது. தொகை டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் அதிகமாகவும் பெட்ரோலுக்கு வருஷா வருஷம் குறைந்துகொண்டும் போகட்டும், மின்மினி சொன்ன காரணத்துக்காக. ஷட்டவுன் பட்டியலும் அரிமானச் சோதனையும் அரசு மேற்பார்வையில் வரட்டும். உறுதியை மீறி முன்னதாக மூடினால் வாங்கியதைத் திருப்பித் தரட்டும்.

கடைசியில் மூடத்தான் வேண்டும் என்றால் குறைந்தது மூன்று வருஷ முன்னறிவிப்பு வேண்டும். டேங்குகளையும் கப்பல் துறையையும் உடைத்து விற்காமல் இறக்குமதி முனையமாக வைத்திருக்கும் கடமையும் வேண்டும். ஒரு இடத்தில் டேங்க் போய், அங்கே குடியிருப்பு வந்துவிட்டால் மறுபடி அனுமதி வாங்குவது நடக்கிற காரியமா?

கணக்குப்பிள்ளை:

இந்த நிபந்தனைகளோடு என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. ஆனால் பாதிதான். முடிவு தேதி எழுதாத எந்த மானியமும் முடிவதில்லை, அதனால் தேதியைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். நீட்டிப்பதானால் நாடாளுமன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு. செலவை பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும், எரிபொருள் விலைக்குள் மறைக்கக் கூடாது. மக்கள் இதை இன்சூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக் கட்டத் தயாராக இருக்கலாம், ஆனால் எவ்வளவு கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு பயம், உங்கள் மூன்று வருஷ முன்னறிவிப்பு. அறிவித்த மறுநாளே நல்ல ஆபரேட்டர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். கடைசி வருஷத்தை யாரை வைத்து ஓட்டுவீர்கள்? பழைய ஷிஃப்ட் ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

பழைய ஷிஃப்ட்:

போவார்கள், அது உண்மை. ஒரு யூனிட்டைத் தனியாக நம்பி விடக்கூடிய கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் உருவாக வருஷங்கள் ஆகும். போனால் வெளியிலிருந்து அழைத்து வந்து உட்காரவைக்க முடியாது. கடைசி நாள் வரை இருப்பவர்களுக்கு ஒரு தொகையை முன்னாலேயே ஒப்பந்தத்தில் எழுதி, மூன்றாம் நபரிடம் கட்டிவைத்துவிட வேண்டும். கம்பெனி திவாலானாலும் அது தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தொகையையும் நெய்தல் சொன்ன திட்டத்தின் செலவிலேயே சேருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மூடும் ஆலையை ஒரே நாளில் நிறுத்தாமல் யூனிட் யூனிட்டாக நிறுத்தலாம். பெட்ரோல் பக்கத்தை முதலில் நிறுத்திவிட்டு, டீசலின் கந்தகம் நீக்கும் யூனிட்டைக் கடைசி வரை ஓட விட்டால், குறைந்த ஆட்களைக் கொண்டு முக்கியமான பொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியும். எல்லா ஆலையிலும் முடியாது. டீசலில் கந்தகம் நீக்க ஹைட்ரஜன் வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ரிஃபார்மர் யூனிட்தான் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது என்றால் அதை நிறுத்திய அன்றே டீசல் யூனிட்டும் நிற்கும். தனி ஹைட்ரஜன் யூனிட் இருந்தால் செய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே ஆலை ஆலையாகப் போய்க் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி இது.